மேற்கே கறுத்தால் அம்மா நிற்கமாட்டாள்

என் அம்மா கொளஞ்சியம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றபடியே சாப்பிடுவாள். கை சோற்றைப் பிசையும், கண் மேற்கே போகும். அங்கே பச்சைமலை இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அது நீலமாக ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோடு மறைந்து அந்த இடம் கறுத்துவிட்டால், அம்மா வட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் அந்தச் சோற்றைக் கோழி தின்றதா நாங்கள் தின்றோமா என்று அவளுக்குத் தெரியாது.

ஆறு என்றால் மருதையாறு. வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணல்தான் இருக்கும். ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்போம். ஆடு மாடு குறுக்கே நடந்து போகும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் அது வேறு ஆறு. எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இருக்காது, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையில் பெய்த மழையோ பெரம்பலூர்ப் பக்கத்து ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு, செம்மண் நிறத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மார்பளவாகிவிடும்.

நாங்கள் இருந்த தெரு வடகரையில். அத்தனை பேரும் கூலிக்குப் போகிறவர்கள். நாணல்மேடு என்கிற ஊர், பள்ளிக்கூடம், கடை, அரியலூர் பஸ் நிற்கிற இடம், நாங்கள் வேலை செய்த வயல்கள் எல்லாம் தென்கரையில். வயிற்றுப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது எனக்கு நேரடியாக நினைவில்லை. நான் அப்போது நாலு வயசுப் பிள்ளை. பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டதில், எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுக்கு இங்கே சொல்கிறேன்.

அண்ணன் அரியமுத்து மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ரெங்கம்மாளின் ஒரே மகள் சின்னம்மாள் அவனோடு ஒரே வகுப்பு. ரெங்கம்மாளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை அது. புருஷன் அந்தப் பிள்ளை தவழும்போதே பாம்பு கடித்து இறந்துபோனான். அன்று ரெங்கம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அம்மா தென்கரையில் கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு, மாட்டுக்குப் புல்லும் அறுத்துக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் அக்கரை ஏறிவிட்டார்கள். அண்ணனும் சின்னம்மாளும் பின்தங்கி, கையைக் கோத்துக்கொண்டு நடு ஆற்றில் தண்ணீரை உதைத்து விளையாடியபடி நடந்தார்கள்.

செந்தண்ணீர் வந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். புல்லுக்கட்டை எறிந்துவிட்டு இறங்கினாள். இரண்டு பிள்ளைகளின் கையும் அதற்குள் பிரிந்துவிட்டது. அண்ணன் இந்தப் பக்கம், சின்னம்மாள் கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம். அம்மா அண்ணனைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் மற்றக் கையை நீட்டினாள். சின்னம்மாளின் சட்டை அவள் விரலில் பட்டது. அவ்வளவுதான், பிள்ளை போய்விட்டது. மறுநாள் ஆறு வளைகிற இடத்தில், நாணலுக்குள் இருந்து எடுத்தார்கள்.

யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது? ரெங்கம்மாளும் எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் விஷயம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு, ஒரே அடுப்பு நெருப்பைக் கொடுத்து வாங்கிய இரண்டு பேரும் அன்றிலிருந்து பேச்சில்லாமல் போனார்கள். அம்மா போய் வாசலில் நிற்பாள். “அக்கா...” என்பாள். ரெங்கம்மாள் முறத்தைப் புடைத்துக்கொண்டே இருப்பாள்.

அதன் பிறகு தெருவில் ஒருவரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. படித்துக் கிழித்தது போதும், உயிர் இருந்தால் ஆடு மேய்த்துப் பிழைத்துக்கொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா சில நாள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலை, வேலைக்குப் போக எல்லாரும் கூடி நின்றபோது சொன்னாள்:

“புள்ளைவள அனுப்புங்க. போவும்போதும் வரும்போதும் நான் ஆத்துல நிக்கிறேன்.”

அவள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, நம்பிக்கை இல்லை என்று சொல்லவும் வரவில்லை. மறுநாள் அண்ணன் மட்டும்தான் போனான். அம்மா தண்ணீரில் நின்று, ஒரே ஒரு பிள்ளையை, தன் பிள்ளையை, அக்கரை சேர்த்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்ப நின்றாள். இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. பிறகு இருசம்மாள் என்கிற எங்கள் சித்தி தன் மகனை அனுப்பினாள். ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஆள் மட்டும் நின்றால் போதாது என்று அம்மாவுக்குத் தோன்றியது. தென்கரையில் ஆற்றையொட்டி நிலம் வைத்திருந்தவர் சிங்காரவேலு. அந்த வருஷம்தான் அவர் கிணற்றுக்குக் கரண்டு வந்து மோட்டார் போட்டிருந்தார். அதுவரை மாடு கட்டி நீர் இறைத்த கமலை வடம் கொட்டகையில் சும்மா கிடந்தது. அம்மா போய் அவர் கொல்லைப்புறத்தில் நின்றாள்.

“என்ன கொளஞ்சி, களைக்குப் போவல?”

“போறேங்கய்யா. கொட்டாயில கெடக்குற வடத்தக் குடுத்தீங்கன்னா ஆத்துக்குக் குறுக்க கட்டிருவேன். புள்ளைவ புடிச்சிக்கிட்டு வரும்.”

“அந்தக் கரையில புளியமரம் இருக்கு. இந்தக் கரையில எதுல கட்டுவ?”

“ஒங்க எலுப்ப மரத்துலதாங்கய்யா.”

“வடமும் என்னுது, மரமும் என்னுது. நல்லாத்தான் கேக்குற, போ!”

தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா மறுநாள் காலையும் போய் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். பேசமாட்டாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு, கொட்டகையைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள். கடைசியில் அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினாராம்: “இவ நிக்கிறதப் பாத்தா எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. அந்த வடத்த எடுத்துட்டுப் போவச் சொல்லு!”

அப்படித்தான் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு வந்தது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா எந்த வேலையையும் நிதானமாகச் செய்ததில்லை. நடவில் நின்றால் நாற்றை ஊன்றிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள். கரை மேல் யாராவது வேகமாக நடந்தால் “என்னா, என்னா?” என்பாள். பள்ளிக்கூட மணி காற்றில் கேட்டதோ இல்லையோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடுவாள். எங்களுக்குத் தலை சீவிவிடும்போது அவள் அவசரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் சீவாமல் ஒரு நாளும் அனுப்பியதில்லை. கஞ்சியில் உப்பு இருக்கிறதா என்று தன் வாயில் வைத்துப் பார்க்காமல் எங்களுக்குத் தந்ததில்லை. எனக்கு அம்மை போட்டபோது என் பக்கத்திலும் ஆற்றிலுமாக மாறி மாறி ஓடினாள். வேப்பிலையோடு வருவாள், ஈரச் சேலையோடு வருவாள், என் நெற்றியைத் தொட்டுவிட்டு மறுபடி போவாள்.

அப்பா செல்லப்பன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியில் பாரம் ஏற்றும் வேலை பார்த்தார். அதிகம் பேசாதவர். அவருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

“வேலைய பாதியில போட்டுட்டு ஓடியார. நாளைக்கி எவன் ஒன்னைய வேலைக்குக் கூப்புடுவான்?”

“கூப்புடாட்டி போறான். கையி அங்க களை எடுக்குது, நெஞ்சு ஆத்துல கெடக்குது. என்னைய என்ன செய்யச் சொல்ற?”

“ஊரு புள்ளைவளுக்கெல்லாம் நீதான் காவலா?”

“ஆமா” என்றாள் அம்மா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளக் காலத்தில் வேலையில்லாத நாட்களில் அவரும் வந்து வடகரைப் புளியமரத்தடியில் நின்று கயிற்றை இறுக்கிக் கட்டுவார்.

வேலை பாதியில் நின்றதற்கு ஒரு நாள் வேறு விதமாகப் பதில் கிடைத்தது. அம்மா ஆற்றிலிருந்து திரும்பி ஓடிவந்தபோது, அவளுக்கு விட்டிருந்த பாத்தியில் களை எடுத்து முடிந்திருந்தது. பக்கத்துப் பாத்தியில் ரெங்கம்மாள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அம்மா அடுத்த பாத்தியில் இறங்கிக் களை எடுத்தாள். அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. அதன் பிறகும் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை.

எழுபத்தேழில் ஐப்பசிக் கடைசியில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அன்று காலையில் அம்மா எங்களைக் கயிற்றைப் பிடிக்கவைத்து அக்கரை சேர்த்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். சேர்த்துவிட்டு, தெருவில் பிரசவ வலி கண்ட ஒருத்திக்குத் துணையாக வடகரைக்குத் திரும்பினாள். அவள் திரும்பிச் சிறிது நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டது. மலையில் எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். நண்பகலுக்குள் ஆறு இரண்டு கரையையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கமலை வடம் அறுந்து பாதி இலுப்பை மரத்தில் தொங்கியது.

நான் அப்போது நாலாவது. எங்கள் ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தி சார் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “கொளஞ்சியம்மா வந்து கூப்பிடாம ஒருத்தரும் வெளியில போகக் கூடாது” என்றார். அம்மா அவரிடம் முன்பே அப்படிக் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாரா, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா, பயந்துபோய் வீட்டுக்கு வர ஆற்றில் இறங்கிவிட்டார்களா என்று அக்கரையில் நிற்கும் அவளுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் மழை சற்று விட்டது. சிங்காரவேலு குடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “சார், அந்தப் பொம்பள மத்தியானத்துலேர்ந்து அந்தக் கரையில கெடந்து அலையிறா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா ஆத்துல எறங்கிருவா. புள்ளைவளக் கூட்டிக்கிட்டு வாங்க.”

எங்களை ஆற்றிலிருந்து தள்ளி, தன் நிலத்துக்குப் பின்னால் இருந்த உயரமான ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தபோது அக்கரையில் அம்மா தெரிந்தாள். புளியமரத்திலிருந்து கள்ளிப்புதர் வரைக்கும், மறுபடி புளியமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். நடை என்று சொல்ல முடியாது, ஓட்டமும் இல்லை. ஆற்றின் இரைச்சலில் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

“கும்பலா நிக்காதீங்கடா. ஆளுக்கு ஆளு தள்ளி நில்லுங்க. அவளுக்கு எண்ண வரணும்” என்றார் சிங்காரவேலு. கரை நெடுகத் தள்ளித் தள்ளி நின்றோம். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். அண்ணன் அப்போது எட்டாவது, அரியலூரில் படித்துக்கொண்டிருந்தான். அன்று பஸ் இல்லாமல் நடந்து ஊர் சேர்ந்து எங்களோடு வந்து நின்றிருந்தான். அவன் முறை வந்தபோது இரண்டு கையையும் தூக்கினான்.

அக்கரையில் அம்மா நின்றுவிட்டாள். விரலை நீட்டி நீட்டி எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்தபிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அக்கரையில் என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ரெங்கம்மாள். தலையில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள்.

“எல்லாப் புள்ளையும் இருக்கா கொளஞ்சி?”

ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு.

“இருக்குக்கா. ஒருக்கா நீயும் எண்ணேன். எனக்குக் கண்ணு கலங்குது.”

ரெங்கம்மாள் எண்ணினாள். சரியாக இருந்தது. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அன்னைக்கி நீ ஒம் புள்ளையப் புடிச்ச. நானா இருந்தா நானும் எம் புள்ளையத்தான் புடிச்சிருப்பேன்.”

“அது எனக்குத் தெரியும்க்கா” என்றாள் அம்மா. “தெரிஞ்சும் ஆற மாட்டேங்குதே. உக்காந்தா உக்கார முடியல, படுத்தா படுக்க முடியல.”

“எனக்கு மட்டும் முடியுதா?”

இருட்டுகிறவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அன்றும் மறுநாளும் நாங்கள் சிங்காரவேலு வீட்டு நெல் கொட்டகையில் தங்கினோம். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த ஊரில் ஒரு வீட்டு வாசல்படியும் மிதித்ததில்லை. அன்றும் வீட்டுக்குள் இல்லை, கொட்டகையில்தான். ஆனாலும் அவர் மனைவி சுடுசோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து தன் கையால் பரிமாறினார். ஊரில் சிலர் முணுமுணுத்தது எங்கள் காதிலும் விழுந்தது. “பசிச்ச புள்ளைக்குச் சோறு போடாம வேற என்ன செய்யச் சொல்றீங்க?” என்று அந்த அம்மா கரண்டியும் கையுமாகத் தெருவில் நின்று கேட்டதும் விழுந்தது.

தண்ணீர் வடிந்ததும் அம்மாவுக்குப் புதிதாக ஒரு பரபரப்பு பிடித்தது. பாலம். கயிறு அறும், ஆள் அசந்துபோவாள், பாலம் ஒன்றுதான் வழி என்று கிருஷ்ணமூர்த்தி சார் சொல்லிவிட்டார். மனு எழுதித் தந்தவரும் அவர்தான். அம்மா செந்துறைக்குப் போனாள், அரியலூருக்குப் போனாள். யூனியன் ஆபீஸ் ஆட்கள் அவளைப் பார்த்ததும் “பாலத்தம்மா வந்தாச்சு” என்று சிரிப்பார்களாம். சிரித்தாலும் ஒரு டீ வாங்கித் தருவார்கள். அவள் அதையும் நின்றுகொண்டே குடித்துவிட்டு, “அப்ப எப்ப வரட்டுங்க?” என்பாள்.

அப்போது எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் திருச்சியில். ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், தெருப் பெண்கள் சிலர் அரியலூரில் ரயிலேறிப் போனார்கள். ரெங்கம்மாளும் போனாள். வரிசை நீளமாக இருந்தது. அம்மா வராந்தாவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். திருச்சியிலிருந்து பச்சைமலை வடக்கே. அந்தப் பக்கம் வானம் கறுத்திருப்பதை வாசலில் நின்றபோது பார்த்துவிட்டாள். இவர்கள் முறை வர இன்னும் கொஞ்ச பேர்தான் இருந்தார்கள்.

“அக்கா, நான் போறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ருவாங்க.”

“அடியே, வரிசை வந்துருச்சுடி! ஒம் புருஷந்தான் அங்க நிக்கிறாரே!”

“அவரு நிப்பாரு. எனக்கு இங்க நிக்க முடியலக்கா.”

சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். மற்றவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை வருஷம் இவள் பின்னால் அலைந்துவிட்டு, இவளே இப்படிச் செய்தால்? யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது முறை வந்துவிட்டது. ரெங்கம்மாள் மனுவை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். தெருவிலேயே வாய் திறந்து பேசாத அந்தப் பெண், மனு வாங்கிய அதிகாரியின் முன்னால் நின்று சொன்னதை இருசம்மாள் சித்தி பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்:

“எனக்கு ஒரே புள்ள சார். அது அந்த ஆத்துல போச்சு. எனக்குப் பாலம் போட்டு இனிமே ஆவப்போறது ஒண்ணுமில்ல. எங்க தெருவுல ஒருத்தி கெடக்கா. புள்ளைவளுக்காவ அவ நின்ன எடத்துல நிக்காம தவிக்கிறா. இப்பக்கூட வரிசைய வுட்டுட்டு ஓடிட்டா. அவளுக்காவ ஒரு பாலம் போடுங்க.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாராம். உட்காரச் சொல்லி ஊர் பெயர், ஆற்றின் அகலம் எல்லாம் கேட்டாராம். அதனால்தான் பாலம் வந்ததா, இல்லை வருகிற பாலம் வந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அளக்க வந்தார்கள், போனார்கள், திரும்ப வந்தார்கள். எண்பத்து மூன்றில் தரைப்பாலம் கட்டி முடித்தார்கள். அம்மா வேலை நடந்த காலம் முழுக்க ஜல்லி சுமக்கும் ஆட்களில் ஒருத்தியாக இருந்தாள்.

பாலம் வந்தால் அம்மா அமைதியாகிவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். தரைப்பாலம் தாழ்வானது. பெரிய வெள்ளத்தில் தண்ணீர் அதன் மேலேயே போகும். ஆகவே மேற்கே கறுத்தால் அம்மா கையில் ஒரு கழியோடு பாலத்து முனையில் போய் நின்றாள். மேலே தண்ணீர் ஏறியதும் கழியைக் குறுக்கே நீட்டி மறித்துவிடுவாள். சைக்கிள்காரன், கட்சிக்காரன், கல்யாணப் பார்ட்டி யாராக இருந்தாலும் அவள் சரி என்றால்தான் போகலாம். திட்டு வாங்குவாள். பதிலுக்குத் திட்டவும் செய்வாள்.

எண்பத்தேழில் எனக்கு ஜெயங்கொண்டத்தில் கல்யாணம். முந்திரிக்கொல்லை வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரின் பந்தலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. நான் மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாலும் என் கண் அம்மாவைத்தான் தேடியது. அவள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே மேகம். ரெங்கம்மாள் பெரியம்மா அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடிப்பது தெரிந்தது.

“இன்னக்கி ஞாயித்துக்கெழம கொளஞ்சி. பள்ளிக்கூடமே இல்ல.”

“ஆடு ஓட்டிக்கிட்டுப் போன புள்ளைவ இருக்குமேக்கா.”

“செரி. நீ ஒம் மவளுக்குத் தாலி ஏறுறதப் பாரு. நான் போறேன்.”

“நீ சாப்புடலையே.”

“வந்து சாப்புட்டுக்கிறேன்.”

பெரியம்மா புதுச்சேலையோடு அரியலூர் பஸ்ஸைப் பிடித்துப் போனாள். அம்மா வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிகிறவரை எழவில்லை. அவள் முழங்கால் என் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. அன்று ஆற்றில் தண்ணீர் வரவே இல்லை. பெரியம்மா சாயங்காலம் வரை பாலத்தில் காத்திருந்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

பாலமும் சாலையும் வந்தபிறகு அதன் வழியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடத் தொடங்கின. ஆற்றால் வருஷத்துக்குச் சில நாள்தான் ஆபத்து. லாரியால் தினமும் ஆபத்து. தெருவை ஒட்டி அவை வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. அம்மா ஆற்றை விட்டுச் சாலைக்கு வந்தாள். பள்ளிக்கூட நேரத்தில் நடுரோட்டில் நின்று கையைத் தூக்குவாள். பிள்ளைகள் தாண்டும்வரை லாரி நிற்க வேண்டும்.

அண்ணன் அரியமுத்து அப்போது அப்படிப்பட்ட ஒரு லாரியில்தான் டிரைவர். நான் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவன் லாரியையே அம்மா நிறுத்தினாள். பிள்ளைகள் போனதும் அவன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான்.

“ஏம்மா இப்புடி உயிர வாங்குற? ஒவ்வொரு லோடுக்கும் இந்த எடத்துக்கு வரும்போது நீ இருக்கியா, அடிபட்டுக் கெடக்கியான்னு பாத்துக்கிட்டே வரேன்.”

“பாத்து வா. பாத்து வந்தா நல்லதுதானே?”

“நான் பொழச்சதுக்கு எத்தன காலம்மா நீ நிக்கணும்?”

அந்தக் கேள்வியை அவன் அதுவரை கேட்டதே இல்லை. அம்மா அவன் சட்டையிலிருந்த கல்தூசியைத் தட்டிவிட்டாள்.

“நீ பொழச்சதுக்கு இல்லடா. நீ பொழச்சது எனக்கு எவ்வளவு சந்தோசம்னு எனக்குத் தெரியும். அந்தச் சந்தோசத்தோட ரெங்கம்மா அக்கா முன்னாடி என்னால சும்மா உக்கார முடியலடா.”

அவன் வண்டியேறினான். அந்த வாரமே மற்ற டிரைவர்களிடமெல்லாம் பேசினான். பள்ளிக்கூட நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் லாரிகள் மெதுவாக உருள ஆரம்பித்தன. கிளீனர்கள் அம்மாவைப் பார்த்து “பாத்துக்கிட்டோம், பாத்துக்கிட்டோம்” என்று கத்துவார்கள்.

எண்பத்தொன்பதில் ரெங்கம்மாள் பெரியம்மாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது. அண்ணன்தான் லாரியில் முன்னால் உட்காரவைத்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். அம்மா அவளுக்குக் கீழாநெல்லி அரைப்பாள், கஞ்சி ஆற்றுவாள், சேலை துவைப்பாள், ரோட்டுக்கு ஓடுவாள், திரும்பி வருவாள். “செத்த நேரம் எங்கிட்ட உக்காரேன்டி” என்று பெரியம்மா கேட்டதற்குத்தான் அம்மா அவள் கட்டிலடியில் உட்கார்ந்தாள். இருவரும் பெரிதாக என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனபோது, சின்னம்மாள் பல் விழுந்தபோது அதைக் கூரை மேல் எறியமாட்டேன் என்று அழுத கதையைப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரைப் பெரியம்மா வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

பெரியம்மா இறந்தபோது கொள்ளி வைக்க யார் என்று பெரியவர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். தூரத்துப் பங்காளி ஒருவர் பெயர் வந்தது. அண்ணன் போய்த் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்து சட்டியைத் தூக்கினான். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் சுடுகாட்டுக்குப் போனபிறகு அம்மா வீட்டைக் கழுவினாள். இரண்டு வீட்டையும் கழுவினாள். திரும்பி வருகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறமும் அம்மா நீண்ட நாள் இருந்தாள். அப்பா போனபிறகு அண்ணன் அவளை அரியலூரில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். டவுன் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனைப் பால்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவாள், மூக்குச் சிந்திவிடுவாள். சொட்டு மருந்து போடும் நாட்களில் வீடு வீடாகப் போய்த் தூங்குகிற குழந்தைகளையும் எழுப்பித் தூக்கிவந்துவிடுவாளாம். எண்பது வயது தாண்டிய பிறகுதான் கால் ஒத்துழைக்கவில்லை. அவள் இறப்பதற்கு முந்திய வாரம் நான் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் இரண்டு பக்கமும் தலையணை வைத்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகன் வேலை, மருமகள், பேத்தியின் இருமல் எல்லாம் ஒன்றுவிடாமல் விசாரித்தாள். வெயில் சாயத் தொடங்கியதும் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

“ஜெயங்கொண்டம் பஸ்ஸு கெளம்பிரும். போ மலரு” என்றாள். “இங்கயே உக்காந்துக்கிட்டு இருக்காத.”